இரும்பும் இரும்பும் ஒன்றாவது எப்படி?

ஒரு மாசி மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் என் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தேன். மாசி மகத்துக்குப் பூவராகப் பெருமாள் கிள்ளைக்குப் புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரெங்கும் பந்தல் வேலையும் பழுதுபார்க்கும் வேலையுமாக இருந்தது. இரவு பதினொரு மணி இருக்கும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் அக்காள் மகன் அலறிக்கொண்டு எழுந்தான்.

“மாமா, கண்ணுக்குள்ளே மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு மாமா. திறக்கவே முடியலே!”

இரண்டு கண்களும் சிவந்து வீங்கி, நீர் தாரை தாரையாக வழிந்தது. விளக்கைப் போட்டால் துடித்தான். மெல்ல விசாரித்தேன். மாலை ஐந்து மணிக்குப் பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ஒரு வெல்டிங் பட்டறை. அங்கே இரும்புக் கேட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள். பொறி பறப்பது அழகாக இருந்ததாம். நின்று பார்த்திருக்கிறான்.

“எவ்வளவு நேரம்டா நின்னே?”

“பத்து நிமிஷம் இருக்கும் மாமா. அப்போ ஒண்ணுமே வலிக்கலியே!”

அக்காள் தாய்ப்பால் கேட்டு வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். உருளைக்கிழங்கை அரிந்து கண்மேல் வைக்கலாம் என்றார் இன்னொருவர். இரண்டையும் தடுத்துவிட்டேன். சுத்தமான குளிர்ந்த நீரில் துணியை நனைத்து மூடிய இமைமேல் வைத்து, இருட்டறையில் படுக்க வைத்து, காலையில் முதல் பேருந்தில் விருத்தாசலம் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனோம். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

பார்த்தபோது வலிக்காத கண் ஆறு மணி நேரம் கழித்து வலித்தது ஏன்? அந்தப் பட்டறையில் எரிந்தது சாதாரண நெருப்பு அன்று. மின்வில். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிர்களும் ஏராளமாக வருகின்றன. நமது கண்ணின் கருவிழிக்கு முன்னால் கண்ணாடி போல் இருக்கும் விழிவெண்படலம் இக்கதிர்களை உறிஞ்சிக்கொள்ளும். படலத்தின் மேலடுக்கு உயிரணுக்கள் அடிபட்டாலும் உடனே உதிர்வதில்லை. சில மணி நேரம் சென்ற பிறகே அவை செத்து உதிர்கின்றன. அப்போது அடியிலுள்ள நரம்பு நுனிகள் திறந்து கிடக்கும். இமை உரசும்போதெல்லாம் மணல் உறுத்துவது போலிருக்கும். வெயிலில் அலைந்தவனுக்கு அன்றிரவு தோல் எரிகிறதே, அதே கதைதான். நல்லவேளையாக அந்த மேலடுக்கு ஓரிரு நாட்களில் மறுபடி வளர்ந்துவிடும். ஆனால் இதையே வழக்கமாக்கிக்கொண்டால் கண் தாங்காது.

குணமான பிறகு பையன் கேட்டான்: “ஏன் மாமா, ரெண்டு இரும்பை ஒட்ட வைக்கிறதுக்கு அவ்வளவு பெரிய வெளிச்சம் எதுக்கு?” நல்ல கேள்வி. அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரண்டு சப்பாத்தி மாவு உருண்டைகளைச் சேர்த்து அழுத்தினால் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு இரும்புத் துண்டுகளை எவ்வளவு அழுத்தினாலும் ஒட்டுவதில்லை. ஆனால் இயற்கை விதிப்படி பார்த்தால், அவை ஒட்டாமலிருப்பதுதான் வியப்பு! உலோகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் வெளிவட்ட எலெக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல் பொதுச் சொத்தாக உலவுகின்றன. இந்தப் பொதுச் சொத்துதான் அணுக்களை இறுகப் பிணைத்து வைத்திருக்கிறது. இரண்டு துண்டுகளின் அணுக்களை இதே நெருக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டால், எது எந்தத் துண்டின் அணு என்ற பேதம் அவற்றுக்குத் தெரியாது, பிணைந்துவிடும்.

நடைமுறையில் இரண்டு தடைகள். வழவழப்பாகத் தெரியும் இரும்பின் பரப்பும் அணு அளவில் பார்த்தால் மேடும் பள்ளமுமான மலைத்தொடர். இரண்டு மலைத்தொடர்களை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தால் சில சிகரங்கள் மட்டுமே தொடும். அடுத்த தடை, ஆக்சைடு. காற்றுப் பட்ட உலோகத்தின்மேல் மெல்லிய ஆக்சைடுப் போர்வை உடனே மூடிக்கொள்ளும். போர்வையும் போர்வையும் தொடுகின்றன. உலோகமும் உலோகமும் தொடுவதில்லை.

1724-ஆம் ஆண்டு இலண்டனில் டெசாகுலியர்ஸ் என்ற அறிஞர் இரண்டு ஈயக் குண்டுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு பகுதியைச் சீவிவிட்டு, சீவிய முகங்களைச் சேர்த்துக் கையால் திருகி அழுத்திக் காட்டினார். குண்டுகள் ஒட்டிக்கொண்டன. நெருப்பில்லை, பசையில்லை. ஈயம் மெதுவானது, திருகும்போது மேடுகள் நசுங்கின, போர்வை கிழிந்தது. அவ்வளவுதான். ஆகவே பற்றவைப்பு என்னும் கலை முழுவதும் இந்த இரண்டு தடைகளை நீக்கும் தந்திரங்கள்தான். ஒன்று, அழுத்தி நசுக்க வேண்டும். அல்லது உருக்கி ஓடவிட வேண்டும். எப்படிச் செய்தாலும் ஆக்சைடை விரட்ட வேண்டும்.

நம் ஊர்க் கொல்லருக்கு இது தெரியாததன்று. இரண்டு இரும்புத் துண்டுகளை வெண்ணிறமாகக் காய்ச்சி, மேலே மணல் தூவி, சம்மட்டியால் அடித்து ஒன்றாக்குவார். மணல் எதற்கு? மணலிலுள்ள சிலிக்கா இரும்பு ஆக்சைடோடு சேர்ந்து கசடாக உருகும். அடிக்கும்போது அந்தக் கசடு பிதுங்கித் தெறித்து ஓடிவிடும். சுத்தமான இரும்பு சுத்தமான இரும்பைத் தொடும். சுமார் 1,600 ஆண்டுகளாக நிற்கும் தில்லி இரும்புத் தூண், ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ளது. இரும்புக் கட்டிகளைக் காய்ச்சி அடித்து இவ்வாறு ஒன்றாக்கி உருவாக்கியதே அது.

பொற்கொல்லரின் வழி வேறு. சங்கிலியின் வளையத்தை உருக்கினால் நகையே போய்விடும் அல்லவா? ஆகவே தங்கத்தைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் கலப்பு உலோகப் பொடியை இணைப்பில் வைத்து, வெண்காரம் இட்டு, ஊதுகுழலால் சுடரைச் செலுத்துவார். பொடி மட்டும் உருகி இடுக்கில் ஓடி உறையும். வெண்காரம் ஆக்சைடைக் கரைக்கும். ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்று சொல்கிறோமே, அந்தப் பொடி இதுதான் என்பார்கள். இடையில் சில காலம் காட்மியம் கலந்த பொடி நகைக்கடைகளில் பரவியது, ‘கே.டி.எம்.’ என்ற பெயர் அதிலிருந்து வந்தது. நகைக்கு நல்லதாக இருந்தது. ஊதியவரின் நுரையீரலுக்குக் காட்மியப் புகை நஞ்சாக இருந்தது. அதனால்தான் அது வழக்கொழிந்து வருகிறது.

இனி கேஸ் வெல்டிங். கால்சியம் கார்பைடில் தண்ணீர் பட்டால் அசிட்டிலீன் வாயு வெளிப்படும். உங்கள் தாத்தா காலத்தில் திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கின் நாற்றமும் வெளிச்சமும் அதுதான். காற்றில் எரிந்தால் புகைகிற இந்த வாயு, தூய ஆக்சிஜனோடு எரிந்தால் 3,100° செ. வரை போகிறது. இரும்பு உருக 1,538° செ. போதும். பட்டறையில் கருப்பு உருளை ஆக்சிஜனுக்கு, அரக்குச் சிவப்பு உருளை அசிட்டிலீனுக்கு. அசிட்டிலீன் பொல்லாத வாயு. வெறும் உருளையில் அழுத்தி அடைத்தால் தானே வெடிக்கும். எனவே உருளைக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை நிரப்பி, அதில் அசிட்டோன் திரவத்தை ஊறவைத்து, அந்தத் திரவத்தில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். சோடாவில் கரியமில வாயு கரைந்திருப்பது போல. உருளையைப் படுக்கவைத்துப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்வதன் காரணம் இப்போது புரியும். வாயுவோடு அசிட்டோனும் வெளியேறிவிடும். ஆக்சிஜன் உருளையின் வால்வில் எண்ணெய்க் கையை வைக்கக் கூடாது. அழுத்தமான ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் தானே தீப்பற்றும்.

இப்போது பையன் பார்த்த மின்வில்லுக்கு வருவோம்.

வெல்டிங் மெஷின் என்பது அடிப்படையில் ஒரு மின்மாற்றி. வீட்டு மின்சாரம் 230 வோல்ட்டு, சில ஆம்பியர். மெஷினிலிருந்து வருவது குறைந்த வோல்ட்டு, மிகுந்த ஆம்பியர். ராடின் நுனியால் இரும்பைத் தொட்டு ஒரு நூல் தூரம் விலக்கினால், இடையிலுள்ள காற்று அயனியாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்குகிறது. அந்தச் சிறு இடைவெளியில் சுமார் 25 வோல்ட்டு, 120 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள்: 3,000 வாட். மூன்று துணி தேய்க்கும் பெட்டிகளின் வெப்பம் முழுவதும் ஒரு கடலைப் பருப்பு அளவு இடத்தில்! அங்கே வெப்பநிலை சுமார் 6,000° செ. சூரியனின் மேற்பரப்பும் ஏறக்குறைய அதே வெப்பநிலைதான். சூரியனை நாம் வெறுங்கண்ணால் நோக்குவதில்லை. நான்கடி தூரத்தில் ஒரு குட்டிச் சூரியனை நோக்கினால் என்ன ஆகும்?

1881-இல் பெனார்டோஸ் என்ற ரஷ்யப் பொறியாளர் கரிக்கோலால் மின்வில் உண்டாக்கிப் பற்றவைத்தார். சில ஆண்டுகளில் ஸ்லாவியானோவ் கரிக்கோலுக்குப் பதில் இரும்புக் கம்பியையே வைத்தார். கம்பியே உருகி இணைப்பை நிரப்பியது. ஆனால் இணைப்பு மொரமொரவென்று உடைந்தது. காரணம் காற்று. உருகிய இரும்பு ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் விழுங்கிவிடுகிறது. 1900-களின் தொடக்கத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஷெல்பெர்க் கம்பிக்கு ஒரு சட்டை மாட்டினார். இன்று ஸ்ரீமுஷ்ணம் பட்டறையில் நீங்கள் காணும் ராடு அதன் வழித்தோன்றல்தான்.

அந்தச் சாம்பல் நிறச் சட்டையில் என்ன இருக்கிறது? களிமண், ஃபெல்ஸ்பார், மைக்கா, சுண்ணாம்புக்கல், டைட்டானியம் ஆக்சைடு, இவற்றைப் பிணைக்கச் சோடியம் சிலிக்கேட். இந்தப் பட்டியலைப் படித்தால் விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரவேண்டும். முதலிரண்டு பொருள்களும் அவ்வூர்ப் பீங்கான் தொழிற்பேட்டையில் மூட்டை மூட்டையாகக் கிடப்பவை. வெல்டிங் ராடின் மேல்பூச்சு ஒருவகையில் சுடாத பீங்கான். மின்வில்லின் வெப்பத்தில் அது மூன்று காரியங்கள் செய்கிறது. ஒரு பகுதி வாயுவாகிக் காற்றை விலக்குகிறது. ஒரு பகுதி அயனிகளைத் தந்து மின்வில் அணையாமல் காக்கிறது. மிச்சம் ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு கண்ணாடிபோல் உருகி இணைப்பின்மேல் மிதந்து, போர்வையாக மூடி உறைகிறது. வேலை முடிந்ததும் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி அந்த ஓட்டை உரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொல்லர் தூவிய மணலும், பொற்கொல்லரின் வெண்காரமும் இப்போது ராடின்மேல் பூச்சாக ஏறிக்கொண்டன என்று கொள்ளுங்கள்.

இந்தப் பூச்சுக்கு ஒரு பகை உண்டு. ஈரம். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து கிடந்த ராடு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். மின்வில்லில் நீர் பிளந்து ஹைட்ரஜன் ஆகும். ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது. உருகிய இரும்புக்குள் எளிதில் புகுந்துகொள்ளும். இறுகிய பிறகு வெளியேற வழியில்லாமல் உள்ளே நெருக்கும். கெட்டியான எஃகாக இருந்தால், சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, யாரும் தொடாமலே விரிசல் விடும். பெரிய ஆலைகளில் ராடுகளை அடுப்பில் சூடேற்றி உலர்த்திய பின்பே கையில் கொடுப்பது இதனால்தான்.

பட்டறைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவர் முகமூடி அணியாமல் கறுப்புக் கூலிங் கிளாஸ் மட்டும் போட்டு வேலை செய்ததைக் கவனித்தேன். “பழகிப்போச்சு சார்” என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். வெல்டிங் முகமூடியிலுள்ள 11-ஆம் எண் கண்ணாடி, தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய இருபதாயிரத்தில் ஒரு பங்கை மட்டுமே உள்ளே விடும். கடைத்தெருக் கூலிங் கிளாஸ் ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கை விட்டுவிடும். அத்துடன் இருட்டுக்குப் பழகி விரிந்த கண்மணிக்குள் பக்கவாட்டிலிருந்து புறஊதாக் கதிர் நுழையும். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, “அதான் ராத்திரியெல்லாம் கண்ணு எரியுதா?” என்றார். அதற்கு நான் என்ன சொல்ல?

சாலையில் போகிற உங்களுக்கு முகமூடி தேவையில்லை. தூரம் போதும். ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? ஒன்றரை மீட்டரில் நிற்பதற்குப் பதில் பதினைந்து மீட்டரில் நின்றால் கண்ணில் விழுவது நூறில் ஒரு பங்கு. அப்போதும் உற்றுப் பார்க்க வேண்டாம்.

முன்பெல்லாம் வெல்டிங் மெஷினை இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். இப்போது ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு மாடியேறுகிறார். எப்படி? மின்மாற்றியின் இரும்பு உள்ளகம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. வினாடிக்கு 50 முறை மாறும் மின்சாரத்துக்குக் கனத்த உள்ளகம் தேவை. இன்வெர்ட்டர் மெஷின் அதை நேர்மின்னோட்டமாக்கி, பிறகு வினாடிக்குப் பல்லாயிரம் முறை மாறும்படி செய்கிறது. ஃபாரடே கண்ட விதிப்படி, மாற்றம் வேகமானால் சிறு உள்ளகமே அதே வோல்ட்டைத் தந்துவிடும்.

உருக்கி ஒட்டுவதோடு கதை முடிந்துவிடவில்லை. சொல்லப்போனால் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. உருகிய பகுதி குளிரும்போது சுருங்கும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சுருங்க விடாது. இழுபறியில் கேட் ஒரு பக்கமாக வளைந்துவிடும். தேர்ந்த பட்டறைக்காரர் முதலில் நான்கு மூலைகளிலும் பொட்டுப் பொட்டாக டேக் வைத்துவிட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைப்பார். வளையாவிட்டாலும் இழுவிசை உள்ளேயே தங்கியிருக்கும்.

இன்னொன்று: இணைப்பை ஒட்டிய இரும்பு உருகாவிட்டாலும் செந்தணலாகக் காய்ந்து, சட்டெனக் குளிர்கிறது. கொல்லர் அரிவாளைக் காய்ச்சித் தண்ணீரில் முக்கித் தோய்ச்சல் கொடுப்பதும் இதுவே. கரி மிகுந்த எஃகு இப்படிக் குளிர்ந்தால் கடினமாகும், ஆனால் கண்ணாடி போல் நொறுங்கும். லாரியின் பட்டை வில் உடைந்தால் சிலர் பற்றவைத்து மாட்டிவிடுகிறார்கள். பற்றவைத்த இடம் அப்படியே இருக்க, அதற்கு அரை அங்குலம் தள்ளி மறுபடி உடையும். ‘ஒட்டின இடம் உடையலே பாருங்க’ என்று பெருமைப்பட்டுக்கொள்வார்கள். உடைந்தது ஒட்டியதனால்தான்! அதைச் செய்யவே கூடாது. கேட் செய்யும் மென்னிரும்பில் கரி குறைவு. ஆகவே அது எதையும் பொறுத்துக்கொள்கிறது.

இந்தப் பாடத்தை உலகம் பெருஞ்செலவு செய்து கற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா ‘லிபர்ட்டி’ என்ற சரக்குக் கப்பல்களை 2,710 கட்டியது. முன்பெல்லாம் கப்பல் தகடுகளை ஆணி அடித்து, அதாவது ரிவெட் வைத்து, இணைத்தார்கள். மெதுவான வேலை. லிபர்ட்டியைப் பற்றவைத்தே கட்டினார்கள். 1942-இல் ஒரு கப்பலை ஐந்து நாட்களுக்குள் கட்டி முடித்துக் காட்டினார்கள். 1943 ஜனவரியில் போர்ட்லண்டு துறைமுகத்தில் ‘ஸ்கெனெக்டடி’ என்ற புதிய எண்ணெய்க் கப்பல், அதுவும் பற்றவைத்துக் கட்டியதே, அலையில்லாத நீரில் நின்றுகொண்டிருந்தபோதே பெருஞ்சத்தத்துடன் இரண்டாகப் பிளந்தது. லிபர்ட்டிக் கப்பல்களிலும் விரிசல்கள் விழுந்தன. பழி பற்றவைத்தவர்கள் மேல் விழுந்தது. கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி செய்த கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண்மணி வேறு உண்மையைக் கண்டார். அந்தக் காலத்து எஃகு குளிரில் தன் வளையும் குணத்தை இழந்து நொறுங்கும் தன்மை அடைந்துவிடுகிறது. ஏதோ ஒரு மூலையில், ஒரு குறையில், விரிசல் தொடங்குகிறது. ரிவெட் வைத்த கப்பலில் அது அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பல் ஒரே துண்டு. விரிசல் நிற்க இடமே இல்லை. ஒன்றாக்குவதில் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது. பிறகு எஃகையும் மாற்றினார்கள், கூர்மூலைகளையும் வளைத்தார்கள்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து அதிக தூரமில்லாத நெய்வேலியில் 1962-இல் சோவியத் உதவியோடு அனல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அந்த முதல் நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. பின்னால் வந்தவை இயங்குகின்றன. 500 மெகாவாட் வகைக் கொதிகலன் ஒன்றில் நீராவி சுமார் 170 வளிமண்டல அழுத்தத்தில், 540° செ. வெப்பத்தில் இருக்கும். உங்கள் கட்டைவிரல் நகம் அளவு இடத்தின்மேல் 170 கிலோவுக்கு மேற்பட்ட எடை அழுத்துகிறது என்று பொருள். இத்தகைய கொதிகலனில் குழாய் இணைப்புகள் பல்லாயிரம். ஒன்று கசிந்தாலும் அந்த உலை முழுவதையும் நிறுத்தியாக வேண்டும்.

இக்கொதிகலன்களைச் செய்ய 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் உதவியோடு திருச்சி திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் தொழிற்சாலை எழுந்தது. 1975-இல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. துவாக்குடிப் பக்கம் சிறு பட்டறைகள் பெருகி, திருச்சி வட்டாரமே பற்றவைப்போர் ஊராயிற்று. கொதிகலன் குழாயின் முதல் தடத்தை, அதாவது இணைப்பின் அடிவேரை, பெரும்பாலும் ராடால் பற்றவைப்பதில்லை. 3,400° செ. வரை உருகாத டங்ஸ்டன் ஊசியில் மின்வில் எரியும்; அதைச் சுற்றி ஆர்கான் வாயு ஓடிக் காற்றை விலக்கும். ஆர்கான் எதோடும் சேராத சாமியார் வாயு, இணைப்பைக் கெடுக்காது. அந்த வாயுவை வழிநடத்தும் சிறு குவளை பீங்கானால் ஆனது! முடிந்த இணைப்பை எக்ஸ் கதிராலும், காதுக்குக் கேட்காத மீஒலியாலும் ஊடுருவிப் பார்க்கிறார்கள். உள்ளே ஒரு கடுகளவு காற்றுக் குமிழி இருந்தாலும் தெரிந்துவிடும். பற்றவைப்பவரும் தேர்வு எழுத வேண்டும், கையால். ஒரு முறை தேறினால் போதாது. குறித்த காலத்துக்கு ஒருமுறை மறுபடி தேற வேண்டும்.

உங்கள் வீட்டு இரும்பு பீரோவின் கதவோரத்தில் சின்னச் சின்ன வட்டத் தழும்புகள் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அங்கே ராடும் இல்லை, சுடரும் இல்லை. இரண்டு செம்பு விரல்களுக்கிடையே தகடுகளைக் கவ்வி, எட்டாயிரம் ஆம்பியர் மின்னோட்டத்தைக் கால் வினாடிக்கும் குறைவாகச் செலுத்துகிறார்கள். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதம் என்ற ஜூல் விதி நினைவிருக்கிறதா? மின்தடை மிகுதியாக உள்ள இடம், தகடும் தகடும் தொடும் இடம். அங்கே மட்டும் உருகி ஒரு பொட்டு ஒட்டும். கார்த் தொழிற்சாலைகளில் இந்தப் பொட்டுகளை எந்திரக் கைகள் ஆயிரக்கணக்கில் வைக்கின்றன.

அலுமினியம் தனிப் பிடிவாதக்காரன். 660° செ. வெப்பத்தில் உருகும், ஆனால் அதன் ஆக்சைடுப் போர்வை 2,000° தாண்டியும் உருகாது. பைக்குள் இருக்கும் பாலைப் போல, உள்ளே உருகிக் கிடந்தாலும் வெளியே வராது. 1991-இல் இங்கிலாந்தில் ஒரு புதுவழி கண்டார்கள். சுழலும் ஒரு கெட்டியான முளையை இரு தகடுகளின் இணைப்பில் அழுத்தி, உழுவது போல் நகர்த்தினால், உராய்வு வெப்பத்தில் உலோகம் உருகாமலே களிபோல் இளகிக் குழைந்து ஒன்றாகிவிடும். ராக்கெட்டுகளின் எரிபொருள் தொட்டிகளை இன்று இப்படி இணைக்கிறார்கள். டெசாகுலியர்ஸ் கையால் திருகியதை எந்திரம் திருகுகிறது.

பாம்பன் பாலங்களை ஒப்பிட்டால் நூறாண்டு மாற்றம் தெரியும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்தின் உத்தரங்கள் ரிவெட் அடித்தவை. தகட்டின்மேல் தகடு அமர்ந்த இடுக்குகளில் உப்புநீர் புகுந்து தங்கும்; துரு அங்கேதான் குடியேறும். 2025 ஏப்ரல் 6-ஆம் நாள் திறந்த புதிய பாலம் 2 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ளது, அதன் 72.5 மீட்டர் நீள நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட 17 மீட்டர் உயரம் எழும். அதன் இணைப்புகள் பற்றவைத்தவை. இடுக்கு இல்லை; தூக்க வேண்டிய எடையும் குறைவு.

விருத்தாசலம் சந்திப்பில் ரயிலுக்குக் காத்திருக்க நேர்ந்தால், நடைமேடையில் நின்றபடியே தண்டவாளத்தைக் கவனியுங்கள். முன்பு 13 மீட்டருக்கு ஓர் இடைவெளி இருந்தது. வெப்பம் 30° ஏறினால் 13 மீட்டர் எஃகு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளும். அதற்கான இடம் அது. ‘தடக் தடக்’ என்ற தாளம் அதனால் வந்தது. இன்று தண்டவாளங்களைக் கிலோமீட்டர் கணக்கில் ஒரே துண்டாகப் பற்றவைத்துவிடுகிறார்கள். அப்படியானால் நீளும் எஃகு எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. கான்கிரீட் கட்டைகளும் கருங்கல் ஜல்லியும் இறுகப் பிடித்து நீளவிடாமல் நிறுத்துகின்றன. நீள முடியாத எஃகு தனக்குள் அழுந்துகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏழு கிலோ எடை அளவு. எஃகுக்கு அது பெரிய சுமையன்று. ஆனால் ஜல்லி தளர்ந்துவிட்டால், கோடைப் பகலில் தண்டவாளம் பாம்பு போல் நெளிந்துவிடும்.

வழியில் இந்த இணைப்பைச் செய்வதற்கு மின்சாரமும் வேண்டாம், எரிவாயு உருளையும் முக்கியமன்று. இரும்பு ஆக்சைடுப் பொடியையும் அலுமினியப் பொடியையும் ஒரு மூசையில் கலந்து பற்றவைத்தால், அலுமினியம் இரும்பிடமிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ளும். பெருவெப்பம் பிறக்கும். சில வினாடிகளில் மூசைக்குள் வெள்ளையாகக் கொதிக்கும் உருகிய எஃகு அடியிலும், அலுமினியக் கசடு மேலேயும் பிரிந்து நிற்கும். அடியைத் திறந்தால் எஃகு இரண்டு தண்டவாள நுனிகளுக்கிடையே விட்ட ஓர் அங்குல இடைவெளியில், களிமண் போன்ற அச்சுக்குள் பாய்ந்து உறையும். ஜெர்மானிய வேதியியல் அறிஞர் கோல்ட்ஷ்மிட் 1895-இல் கண்ட தெர்மிட் முறை இது. உறைந்த பிறகு சக்கரம் ஓடும் மேற்பகுதியை மட்டும் சீவித் தேய்த்து வழவழப்பாக்கிவிடுவார்கள். பக்கவாட்டில் இடுப்புப் பட்டை போல் ஒரு புடைப்பு அப்படியே விட்டிருக்கும். அதைத் தேடிப் பாருங்கள். தூசும் துருவும் படிந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்; என் அக்காள் மகன் ஒரே நடைமேடையிலிருந்து நான்கைக் கண்டுபிடித்துவிட்டான்.